கான்டனில் கப்பலேறிய தாய்வழி

பார்வைக்கு அது அசல் ஆங்கிலப் பன்றி. வெள்ளைத் தோல், நிமிர்ந்த காது, நீண்ட முதுகு. வம்சப் பதிவேட்டைப் புரட்டினால் அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் யார்க்‌ஷயர்க்காரர்கள். ஆனால் காதோரத்தில் கிள்ளியெடுத்த ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தால், தாய்வழி சீனா என்று பதில் வருகிறது. லார்ஜ் ஒயிட் எனப்படும் இந்த இனத்தில் எல்லாப் பன்றிக்கும் இப்படி வருவதில்லை, கணிசமானவற்றுக்கு வருகிறது. ஒரே கொட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டில் ஒன்றின் தாய்வழி ஐரோப்பியக் காட்டுப்பன்றியிடம் போய்ச் சேரும். இன்னொன்றின் தாய்வழி கடல் தாண்டிக் கிழக்கே போகும்.

கிழக்கே போகிற அந்தத் தாய்வழி எப்படி யார்க்‌ஷயருக்கு வந்தது என்பதுதான் இங்கே விஷயம். அதைச் சுமந்து வந்தது ஒரு சின்ன வளையம்: மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டிஎன்ஏ. பன்றியின் உட்கருவில் 38 குரோமோசோம்கள். ஒரு செட்டை மட்டும் எண்ணினாலே சுமார் 250 கோடி எழுத்துகள். இந்த வளையத்தில் ஏறக்குறைய 16,700 எழுத்துகள்தான். ஆனால் உட்கருவில் இருப்பது ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பா பாதி, அம்மா பாதி என்று கலைத்துப் போடப்படுகிறது. வளையம் கலைவதே இல்லை. தாயிடமிருந்து அப்படியே குட்டிக்கு வருகிறது. நம் பக்கத்தில் அப்பா பெயர் இனிஷியலாக இறங்குகிறதே, அதைத் திருப்பிப் போட்ட கணக்கு: மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு, ஆனால் மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும். அதனால்தான் இனங்களுக்கிடையே உறவு தேடப் புறப்பட்டவர்கள் முதலில் இதைக் கையில் எடுத்தார்கள். எப்போதாவது ஓர் எழுத்து பிசகினால், அந்தப் பிசகு மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று நெடுகப் போகும். எத்தனை பிசகு பொதுவாக இருக்கிறது என்று எண்ணினால் உறவின் நெருக்கம் தெரியும்.

இந்த வளையத்தின் சீன வடிவமும் ஐரோப்பிய வடிவமும் பிரிந்தது மனிதன் பன்றி வளர்க்கத் தொடங்கியதற்கு வெகு காலம் முன்பு. யூரேசியா முழுதும் பரவிய காட்டுப்பன்றி, தென்கிழக்கு ஆசியாவில் தோன்றி மேற்கே நகர்ந்த விலங்கு. 2000-இல் எலிசபெட்டா ஜுஃப்ராவும் ஸ்வீடனைச் சேர்ந்த லீஃப் ஆண்டர்சனும் சகாக்களும் இரு கண்டங்களின் காட்டுப்பன்றிகளையும் வீட்டுப்பன்றிகளையும் ஒப்பிட்டு, பிரிவு நேர்ந்து 5 லட்சம் வருடமாவது இருக்கும் என்றார்கள். 2012-இல் பன்றியின் முழு மரபுத்தொகுதி வெளியானபோது அது சுமார் 10 லட்சம் வருடம் என்று பின்னுக்குப் போனது. எப்படி வைத்தாலும் சீன வீட்டுப்பன்றியும் ஐரோப்பிய வீட்டுப்பன்றியும் ஒரே பட்டியிலிருந்து பிரிந்தவை ஆக முடியாது. அனதோலியாவில் ஒருமுறை, சீனாவில் தனியாக ஒருமுறை, காட்டுப்பன்றி வீட்டுக்கு வந்திருக்கிறது. 2005-இல் கிரேகர் லார்சன் குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இன்னும் சில இடங்களையும் சேர்த்தது. அதில் இந்தியாவும் ஒன்று.

ஆயிரக்கணக்கான வருடம் நம் வளையம் தென்சீனத்தில் வீட்டோரக் கொட்டில்களில்தான் இருந்தது. அங்கே பன்றிக்கு மேய்ச்சல் கிடையாது. தவிடு, காய்கறிக் கழிவு, மிச்சம் மீதி எல்லாம் கொட்டிலுக்கு வரும். சாணம் வயலுக்குப் போகும். குட்டைக் கால், தொங்கும் வயிறு, சப்பை மூக்கு, சீக்கிரம் கொழுப்பேறும் உடம்பு, ஒவ்வோர் ஈற்றிலும் நிறையக் குட்டி. ஐரோப்பியப் பன்றி இதற்கு நேர் எதிர். இலையுதிர் காலத்தில் ஓக் காட்டுக்குள் ஓட்டிவிட்டால் கொட்டை பொறுக்கித் தின்று தானே கொழுக்க வேண்டும். கால் நீளம், மூஞ்சி நீளம், வளர்ச்சி மெதுவு. 1086-இல் எடுக்கப்பட்ட இங்கிலாந்தின் டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பல ஊர்களின் காட்டை இத்தனை பன்றிக்குத் தீனி தரும் காடு என்றே அளந்து எழுதியிருக்கிறார்கள்.

18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தக் காடுகள் பெரும்பாலும் போய்விட்டன. பொதுநிலங்களுக்கு வேலி வந்தது. தொழில் நகரங்களில் கூலிக்காரர்கள் பெருகினார்கள், பன்றிக்கறியும் கொழுப்பும் வேண்டியிருந்தது. பால்பண்ணையில் மோர்நீர் மிஞ்சியது, பீர் ஆலையில் சக்கை மிஞ்சியது. கொட்டிலில் அடைத்து, கழிவைத் தின்னக் கொடுத்து, சீக்கிரம் கொழுக்க வைக்கக்கூடிய பன்றி ஒன்று இங்கிலாந்துக்குத் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட பன்றி உலகின் மறுகோடியில் பல்லாயிரம் வருடமாகத் தயாராக இருந்தது.

1757 முதல் 1842 வரை ஐரோப்பியர் கடல்வழியே சீனாவோடு வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஒரே துறைமுகம் கான்டன், இன்றைய குவாங்சோ. தேயிலையும் பட்டும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு புறப்படும் கப்பலுக்கு மாதக்கணக்கில் பயணம். புதுக்கறிக்காக உயிரோடு பன்றிகளையும் ஏற்றுவார்கள். வழியில் வெட்டப்படாமல் தப்பியவை இங்கிலாந்துத் துறைமுகத்தில் இறங்கின. பிறகு அவற்றின் குணம் தெரிந்து வேண்டுமென்றே கொண்டுவந்தவர்களும் உண்டு. இந்தப் பெண்பன்றிகள் சிலவற்றின் வயிற்றில்தான் வளையம் கரை ஏறியது. சரக்குப் பட்டியலில் தேயிலைக்கு இருந்த மரியாதை இவற்றுக்கு இருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது வகைதொகை இல்லாத கலப்பு. சீனப் பன்றி, சயாமிலிருந்து வந்தது, இத்தாலியிலிருந்து எசெக்ஸுக்கு லார்ட் வெஸ்டர்ன் வரவழைத்த நேப்பிள்ஸ் பன்றி, உள்ளூர்ப் பழைய பன்றி என எல்லாவற்றையும் ஆளாளுக்குச் சேர்த்துப் பார்த்தார்கள். இதில் எனக்குப் பிடித்த ஆள் ஜோசப் டூலி. யார்க்‌ஷயரின் கீத்லி ஊரில் தறி நெய்தவர். பிரபுக்கள் மாட்டையும் ஆட்டையும் வைத்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நெசவாளி 1851-இல் வின்ட்சர் ராயல் கண்காட்சிக்குத் தன் வெள்ளைப் பன்றிகளை ஓட்டிப்போய் எல்லார் கண்ணையும் இழுத்துவிட்டார். லார்ஜ் ஒயிட் இனத்தின் வரலாறு அங்கிருந்துதான் சொல்லப்படுகிறது. அடுத்த வருடம் கீத்லி கண்காட்சியில், டூலியின் பன்றிகள் நல்ல பன்றிகளாக இருந்தும் பெரிய வகைக்கு அளவு போதவில்லை, சிறிய வகைக்கு அதிகம் என்று நடுவர்கள் திண்டாடி, 'மிடில் ஒயிட்' என்று நடுவே ஒரு வகுப்பைத் திறந்தார்கள் என்பார்கள். ஓர் இனம் அப்படியும் பிறக்கிறது! மிடில் ஒயிட்டின் சப்பை மூக்கைப் பார்த்தால் சீனச் சாயலுக்கு டிஎன்ஏ சாட்சி தேவையில்லை.

1884-இல் தேசியப் பன்றி வளர்ப்போர் சங்கமும் வம்சப் பதிவேடும் வந்தன. பதிவேட்டில் ஏறிய நாள்முதல் லார்ஜ் ஒயிட் தூய இனம். அதற்கு முன்னால் இருந்த கப்பல், கான்டன் எல்லாம் ஏட்டுக்கு வெளியே போயின. பதிவேடு வளர்ப்பவனுக்கு எது வேண்டுமோ அதை நினைவில் வைத்தது. முழுக்க மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. டார்வின் 1868-இல் வீட்டு விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில், ஹெர்மன் ஃபொன் நாதூசியஸ் என்ற ஜெர்மானியரின் மண்டையோட்டு ஆய்வை எடுத்துக்காட்டி, வீட்டுப்பன்றிகளை ஐரோப்பிய வகை, கிழக்கத்திய வகை என இரண்டாகப் பிரிக்கிறார். ஆங்கில இனங்களில் கிழக்கத்திய ரத்தம் கலந்திருப்பதையும் சொல்கிறார். கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு சிறிய எலும்பின் நீளம் நாதூசியஸுக்கு அடையாளமாக இருந்தது. உறவைக் காட்டும் அடையாளத்தை இன்று மார்க்கர் என்கிறோமே, அவரிடம் இருந்த மார்க்கர் அதுதான்.

இனி காதுத் துண்டுக்கு வருவோம். காதுத் தோடு மாட்டும் இடுக்கி மாதிரி ஒன்றால் ஒரு சின்ன வட்டத்தைக் குத்தி எடுக்கிறார்கள். குட்டி ஒரு கத்துக் கத்தும், அவ்வளவுதான். அந்தத் துண்டைப் புரதத்தைச் செரிக்கும் நொதியில் இரவு முழுக்க ஊற வைத்தால் காலையில் கரைந்து கூழாகியிருக்கும். உப்பும் ஆல்கஹாலும் சேர்த்தால் டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரண்டு மிதக்கும். பிசிஆர் கருவியில் வளையத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள். பெரும்பாலும் அது மரபணு ஏதும் எழுதப்படாத கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே பிசகினாலும் பன்றிக்குக் கேடில்லை என்பதால் பிசகுகள் தேங்கிக் கிடக்கும். ஐரோப்பியப் பன்றிகளின் வரிசையையும் ஆசியப் பன்றிகளின் வரிசையையும் ஒன்றின்கீழ் ஒன்று வைத்தால், ஒரே ஊர்ப் பன்றிகளுக்குள் சில எழுத்துகள்தான் மாறும், கண்டம் மாறினால் வித்தியாசம் சட்டென்று கூடும். குழப்பத்துக்கே இடமில்லாத இடைவெளி அது. அதனால்தான் யார்க்‌ஷயர்ப் பன்றிக்குள் இருந்த சீன வளையம் ஒளிந்துகொள்ள முடியாமல் போனது.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் வம்பு. தாய்வழி சீனா என்றால் பன்றி சீனப் பன்றி ஆகிவிடாது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒரே ஒரு சீனப் பாட்டி, மற்ற அத்தனை பேரும் ஆங்கிலேயர் என்றாலும் வளையம் சீனம் என்றே சொல்லும். இன்னொரு பன்றிக்குச் சீனத் தாத்தாக்கள் வரிசையாக இருக்கலாம். பாட்டி மட்டும் யார்க்‌ஷயர்க்காரி என்றால் வளையம் ஐரோப்பா என்று சாதிக்கும். ஆக, ஒரு மார்க்கர் தான் பார்த்ததை மட்டும் சொல்லும். எந்த மார்க்கரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் உறவும் வரும்.

உட்கருவைக் கேட்க ஆரம்பித்தது மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்களோடு. டிஎன்ஏவில் சில இடங்களில் சைட்டோசின்-அடெனின் ஜோடி திரும்பத் திரும்ப வரும். ஒரு பன்றியில் 15 முறை, இன்னொன்றில் 22 முறை. எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, துண்டின் நீளத்தை அளந்தால் போதும். இப்படிப்பட்ட இடங்கள் சிலவற்றில் எந்த நீளம் எந்த இனத்தில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று கணக்கெடுத்து, இனத்துக்கு இனம் தூரம் போடுவார்கள். உலக உணவு, வேளாண்மை அமைப்பு இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, எந்த நாட்டில் அளந்தாலும் ஒப்பிட வசதியாக.

ஐரோப்பா முழுக்கச் செய்த பெரிய அளவை 2006-இல் வெளியானது: 58 இனங்களும் வளர்ப்பு வழிகளும், இனத்துக்குச் சுமார் 50 பன்றிகள், அதிகபட்சம் 50 மார்க்கர்கள். மொத்த வேறுபாட்டில் 21 சதவீதம் இனங்களுக்கு இடையில், மிச்சமெல்லாம் இனத்துக்குள்ளேயே. இந்த 21 சிறிய எண்ணாகத் தெரியலாம். வீட்டு விலங்குக்கு அது அதிகம்தான், ஐரோப்பியப் பன்றி இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நன்றாகவே விலகியிருக்கின்றன என்று பொருள். ஆனால் கிளைவிட்ட மரமாக வரைந்து பார்த்தபோது, லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், டியூராக், ஹாம்ப்‌ஷயர், பியெத்ரென் என்ற பெரிய இனங்களின் நாட்டு வகைகள் தத்தம் இனத்தோடு ஒட்டிக்கொண்டன; ஐபீரியப் பன்றிகளைத் தவிர மற்ற உள்ளூர் இனங்கள் ஆளுக்கொரு திசையில் நட்சத்திரக் கதிர்போல் நீண்டு நின்றன. சிறு கூட்டமாகத் தனித்து வளர்ந்தால் எந்த நீளம் தங்கும், எது போகும் என்பது அதிர்ஷ்டத்தின் வேலை. நீண்ட கதிருக்கு அதுவே போதுமான காரணம். மரத்தில் தள்ளி நிற்பதாலேயே ஓர் இனம் பழமையானது என்று பெருமையடிப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

நிறத்தை நம்பியவர்களுக்கும் ஏமாற்றம் காத்திருந்தது. இங்கிலாந்தின் லார்ஜ் பிளாக் பன்றி உடம்பெல்லாம் கறுப்பு. ஹாம்ப்‌ஷயரும் கறுப்புதான், தோளில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. கறுப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை 1998-இல் எழுத்தெழுத்தாகப் பார்த்தபோது, லார்ஜ் பிளாக்கிடம் இருந்தது சீனாவின் மெய்ஷான் என்ற பன்றி இனத்திடம் இருக்கும் அதே வடிவம். ஹாம்ப்‌ஷயரிடம் இருந்தது வேறொரு பிசகு, ஐரோப்பாவில் தனியாக நேர்ந்தது. இரண்டும் கறுப்பு, ஒரு கறுப்புக்கும் மற்றதற்கும் ரத்தச் சம்பந்தம் இல்லை.

முழு உட்கருவையும் வாசிக்க முடிந்த பிறகு வளையத்தோடு வந்த கூட்டாளிகள் யார் யார் என்று தெரிந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் மிர்தே பாஸும் சகாக்களும் 2014-இல் லார்ஜ் ஒயிட்டின் குரோமோசோம்களைத் துண்டு துண்டாக எடுத்து, இது ஐரோப்பா, இது ஆசியா என்று சாயம் பூசிப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆசியா. அதிகம் ஒத்துப்போனது தென்சீனப் பன்றிகளோடு. கான்டன் தென்சீனத்தில்தான் இருக்கிறது. துண்டுகள் சமமாகவும் சிதறவில்லை. சில இடங்களில் ஆசிய வடிவமே கிட்டத்தட்ட முழு இடத்தையும் பிடித்திருந்தது. அதில் ஏஎச்ஆர் என்ற மரபணுவும் ஒன்று. ஆசிய வடிவம் உள்ள தாய்ப்பன்றிகள் ஈற்றுக்குக் கூடுதலாகக் குட்டி போட்டன. 19-ஆம் நூற்றாண்டுப் பண்ணையாளருக்கு மரபணு தெரியாது. நிறையக் குட்டி போட்டவளின் மகளை வைத்துக்கொண்டார், மற்றதை விற்றார். அந்த முடிவுகளின் தடம் இன்னும் இருக்கிறது.

இதைவிட விசித்திரமானது ஐஜிஎஃப்2 என்ற மரபணுவின் கதை. 2003-இல் ஸ்வீடன், பெல்ஜியம் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: ஒரே ஓர் எழுத்து மாறியதால் தசை கூடிக் கொழுப்புக் குறைகிறது. அந்த எழுத்து உட்கார்ந்திருக்கும் துண்டு மெய்ஷான் பன்றியின் துண்டோடு ஏறத்தாழ ஒன்றுதான். மெய்ஷானிடம் அந்த ஒரு மாற்றம் மட்டும் இல்லை. கொழுத்த பன்றிக்குப் பேர்போன ஆசியாவின் துண்டில், ஐரோப்பியர் தேடிய கொழுப்பில்லாக் கறிக்கான மாற்றம் ஏறியிருக்கிறது. இன்னொரு விஷயம், இந்த மரபணுவில் அப்பா தந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். வளையம் தாய்க்கு மட்டும் சாட்சி சொல்வதுபோல் இங்கே தந்தைக்கு மட்டும் பேச்சு.

கப்பல்களுக்கு முன்னால் ஐரோப்பா எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஸ்பெயினில் கத்தலோனியாவின் மொந்த்சோரியு கோட்டையில் கிடைத்த 16-ஆம் நூற்றாண்டுப் பன்றியின் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். ஐபீரியப் பன்றிக்கு நெருக்கம். ஆசியக் கலப்பின் அறிகுறி இல்லை. இன்றைய ஐபீரியப் பன்றியிடமும் சீன வளையம் கிடையாது. ஓக் மரத்தடியில் கொட்டை தின்று கொழுக்கும் பழைய வாழ்க்கை அங்கே தொடர்ந்ததால் கொட்டில் பன்றியின் தேவை எழவில்லை.

ஸ்பெயினின் ஹாம் கடைகளில் இந்த விஷயம் காசாகிறது. ஐபீரியத் தாய்க்கும் டியூராக் தந்தைக்கும் பிறந்ததையும் 'ஐபீரிகோ' என்று விற்கச் சட்டம் அனுமதிக்கிறது; சதவீதத்தை லேபிளில் சொல்ல வேண்டும். ஓக் கொட்டை தின்று வளர்ந்ததில் முழு ஐபீரியப் பன்றிக்கு மட்டும் கறுப்பு முத்திரை. தாய் ஐபீரியமாக இருந்தே ஆக வேண்டும் என்பதால், பாதிக் கலப்பின் தொடையைத் தாய்வழி மார்க்கரிடம் காட்டினால் அது சுத்த ஐபீரியம் என்றே சான்று தரும். ஏமாற்றைப் பிடிக்க உட்கரு மார்க்கர்தான் வேண்டும்.

உட்கரு மார்க்கர்களுக்கும் ஒரு சாய்வு உண்டு. 2009-இல் வந்த, 60,000-க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் சிப், டியூராக், பியெத்ரென், லேண்ட்ரேஸ், லார்ஜ் ஒயிட், காட்டுப்பன்றி ஆகியவற்றை வாசித்து அங்கே மாறுகிற இடங்களைப் பொறுக்கிச் செய்தது. ஐரோப்பியப் பன்றி எங்கே மாறுகிறதோ அதைத்தான் அது விசாரிக்கும். சீன இனங்களை அதில் ஓட்டினால் அவற்றின் வேறுபாடு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். முழுத்தொகுதியை வாசித்தால் படம் மாறிவிடுகிறது. சீனப் பன்றிகளிடம்தான் வேறுபாடு அதிகம்.

20-ஆம் நூற்றாண்டில் வளையம் பிறந்த வீட்டுக்கும் போயிற்று. லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், டியூராக் மூன்றும் சீனப் பண்ணைகளை நிரப்பின. தாய்ஹூ ஏரிப் பன்றியையும் டியூராக்கையும் சேர்த்து 'சூதாய்' என்ற புது இனமே அங்கே உருவானது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து நிற்கவில்லை: 1979-இல் பிரான்ஸ் மெய்ஷானை வரவழைத்தது, 1989-இல் அமெரிக்கா. ஈற்றுக்கு 15, 16 குட்டி போடும் பன்றி யாருக்குத்தான் கசக்கும்?

இந்தியாவுக்கு லார்ஜ் ஒயிட் இங்கிலாந்து வழியாக வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரை நெடுநாளாக வளர்க்கிறார்கள். பண்ணையாளர்கள் வாயில் அது வெண்பன்றி. ஆண் வெண்பன்றியை நாட்டுப் பெண்பன்றியோடு சேர்த்தால் குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். வெள்ளை நிறம் மேலோங்கி வரும் குணம். அந்த வெள்ளைக் குட்டியின் தாய்வழியைச் சோதித்தால் நாட்டுப்பன்றி என்றே வரும், வளையம் அந்த ஆணோடு நின்றுவிடும். அந்த ஆண் கொண்டுவந்த சீனத் துண்டுகள் உட்கருவில் பாதி பாதியாகக் குறைந்தபடி போகும். பெண் வெண்பன்றியை வாங்கி வந்து கொட்டில் போட்டவரிடம் மட்டும் வளையம் அடுத்த ஈற்றுக்கும் இறங்குகிறது.